கேளுங்கள், சொல்கிறோம்: பீடத்தில் யார், படத்தில் யார்?

கேள்வி: அப்பத்தா இறந்து ஓராண்டாகப் போகிறது. ஜெபமாலை கையை விட்டு இறங்காத மனுஷி. வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தை வைத்து வேண்டலாமா? நினைவுநாளுக்குச் செபப் படம் அச்சடிக்கவும் ஆசை.
– வாசகி, ஞானஒளிவுபுரம்

வேண்டலாம். திருச்சபைச் சட்டம் 1187 வரம்பு கட்டுவது பொது வணக்கத்துக்கு மட்டும்தான். புனிதர் பட்டியலிலோ, அதற்கு முந்தின படியான அருளாளர் பட்டியலிலோ ஏறியவர்களுக்கே ஆலயத்தில் பீடமும் நவநாளும் (ஒன்பது நாள் செபம்) சப்பரமும். வீட்டுக்குள் தனியாக வேண்டுவதை அது தொடவில்லை. சொல்லப்போனால் பல புனிதர்களின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் 1752-இல் உயிர்விட்டார். அருளாளர் ஆனது 2012-இல், புனிதர் ஆனது 2022 மே 15-இல். இடைப்பட்ட காலமெல்லாம் கோட்டாற்றில் அவர் கல்லறையைத் தேடி வந்த சாதாரண சனங்கள்தான் அவரை மறக்காமல் வைத்திருந்தார்கள்.

படத்தைப் பீடத்தின் மேல்தட்டில் சுரூபங்களோடு வரிசையாக வைக்காதீர்கள். கீழ்த்தட்டோ பக்கச் சுவரோ போதும். மாலை போடலாம். தவறு பெரும்பாலும் அச்சகத்தில்தான் நடக்கிறது: கேட்காமலேயே தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுத் தந்துவிடுவார்கள். பட்டம் பெறாதவர்களுக்கு ஒளிவட்டம் கூடாது என்பது எட்டாம் உர்பானுஸ் திருத்தந்தை காலத்திலிருந்தே உள்ள விதி. ‘புனிதை’ என்ற அடைமொழியும் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் மாதிரியை வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. அப்பத்தாவிடம் வேண்டுவதால் அப்பத்தாவுக்காக வேண்டுவதை நிறுத்திவிடாதீர்கள். திருப்பலிக் கருத்து கொடுங்கள், அதாவது அவருக்காகப் பூசை வைக்கச் சொல்லுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால் அவர்களுக்குப் பரிபூரண பலனை (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை) ஒப்புக்கொடுக்கலாம், நாளுக்கு ஒன்று. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் ஆகியவையும் சேர வேண்டும். நவம்பர் 1 பட்டியலில் பெயர் ஏறாத புனிதர்களுக்கும் உரிய நாள். அப்பத்தா விண்ணகத்தில் இருந்தால் அது அவருக்கும் திருநாள்.

கேள்வி: அருளானந்தர் நவநாளை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும்? நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால்?
– வாசகர், மேலூர்

அருளானந்தர் என்ற மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோவின் தலை 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டப்பட்டது. அந்தத் தேதியே திருநாள். நவநாள் திருநாளுக்கு முந்தின நாளோடு முடியும். ஆக ஜனவரி 26 முதல் பிப்ரவரி 3 வரை. திருநாளையும் ஒன்பதுக்குள் எண்ணி 27-இல் தொடங்குவதுதான் வழக்கமான பிசகு. பதுவை அந்தோணியாருக்கு ஜூன் 4, சவேரியாருக்கு நவம்பர் 24 தொடக்கம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். ‘விட்டால் கெடுதல் வரும், ஒன்பது பேருக்கு அனுப்பு’ என்று போனில் சுற்றுவது பக்தி அல்ல, மிரட்டல்.

கேள்வி: மகளுக்குத் தெரேசா என்று பெயர். நாமத் திருநாள் எது?
– வாசகி, வாடிப்பட்டி

எந்தத் தெரேசா? சிறுமலர் என்றால் அக்டோபர் 1, அவிலா என்றால் அக்டோபர் 15, கொல்கத்தா அன்னை என்றால் செப்டம்பர் 5. ஞானஸ்நானத்தில் யாரை நினைத்து வைத்தீர்களோ அவர் நாள். அந்தோணி வீடுகளிலும் இதே குழப்பம் உண்டு: வனத்து அந்தோணியார் ஜனவரி 17, பதுவையார் ஜூன் 13.

கேள்வி: சூசையப்பர் சுரூபத்தின் கை உடைந்துவிட்டது. வைகையில் விடலாமா?
– வாசகர், சோழவந்தான்

வேண்டாம். பிளாஸ்டர் தண்ணீரில் எளிதில் கரையாது, பாதி உருவமாகக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். கை மட்டும்தானே? துண்டு கிடைத்திருந்தால் இரண்டு பக்கத்துத் தூசியையும் துடைத்து, ஈரம் இல்லாமல் காயவிட்டு, எபாக்சி பசையால் ஒட்டுங்கள். ஒட்டவே முடியாவிட்டால் உருவம் தெரியாதபடி உடைத்து, ஆள் மிதிக்காத இடத்தில் புதையுங்கள். மரமும் காகிதமும் என்றால் எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். புதுச் சுரூபத்தை ஈரம் ஏறும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பெயிண்ட் உரியும். முகம் கறுத்தால் குற்றம் மெழுகுவர்த்தித் திரியில். அரை சென்டிமீட்டருக்கு வெட்டி, மின்விசிறிக் காற்று படாமல், சுரூபத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஏற்றுங்கள்.