தர்பூசணிக்கு ஊசி, பாலில் யூரியா: எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: தர்பூசணிக்குச் சாய ஊசி போடுகிறார்கள் என்று 2025 கோடையில் செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பழமே வாங்குவதில்லை. போன வாரம் ரோட்டோரக் கடையில் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பார்த்தேன், சிவப்பு ஒட்டியது. கடைக்காரரோடு பெரிய சண்டையாகிவிட்டது. நான் கேட்டது நியாயம்தானே? (வாசகி, விழுப்புரம்)

பதில்: இல்லைங்க அம்மா. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் ஒரு பழம் வாங்கிக்கொண்டு சமாதானமாகி விடுங்கள். தர்பூசணி விளைகிற திண்டிவனமும் மரக்காணமும் இருக்கிற மாவட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி வருகிறது என்றால் அந்த வதந்தி எவ்வளவு தூரம் ஊறிப்போயிருக்கிறது பாருங்கள்.

தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற நிறமி, தக்காளியில் இருப்பதும் அதேதான். நறுக்கிய பழத்தில் பேப்பரை அழுத்தினால் சாறும் சதைத் துணுக்கும் சேர்ந்து வெளிர் சிவப்பாக ஒட்டத்தான் செய்யும், தக்காளியை வெட்டி இதே சோதனையைச் செய்து பாருங்கள், அதிலும் ஒட்டும். அப்புறம் ஊசி. தோலில் ஓட்டை விழுந்த பழம் அந்த இடத்தில் கசிந்து, புளித்து, வெயிலில் சீக்கிரமே அழுக ஆரம்பித்துவிடும். உள்ளே விட்ட சாயமும் பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது, திட்டுத் திட்டாக நிற்கும். மலிவாக விற்கிற பழத்துக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டு, அதை அழுகவும் விட்டு, எந்த வியாபாரி லாபம் பார்ப்பார்? சென்னையில் அதிகாரி ஒருவரே டிஷ்யூ பேப்பரை வைத்துச் செய்து காட்டியதுதான் தீயாகப் பரவியது. விற்பனை படுத்து, விவசாயிகள் போராட்டத்தில் இறங்கிய பிறகுதான் விளக்கம் வந்தது. விளக்கத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

தர்பூசணியில் நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. காலையிலேயே கீற்று போட்டு, ஈ மொய்க்க வெயிலில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதையும், வெட்டுகிற கத்தியையும், அதைக் கழுவுகிற வாளித் தண்ணீரையும் பார்த்துத்தான். முழுப் பழமாக வாங்கி, தோலைக் கழுவிவிட்டு வீட்டில் வெட்டுங்கள், போதும்.

கேள்வி: அப்படியானால் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் என்பதும் வதந்தியா? (வாசகர், சேலம்)

பதில்: அது நிஜம். கார்பைடு கல்லுக்கு நாட்டிலேயே தடை இருக்கிறது, இருந்தும் சீசன் வந்தால் மண்டிகளில் ரெய்டு நடக்கத்தான் செய்கிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம் என்பதுதான் ஆபத்து. ஆனால் எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைப்பது 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதிக்கப்பட்ட முறை. பழம் தானாகவே சுரக்கிற வாயுதான் அது. மேலே பளிச்சென்று ஒரே மஞ்சள், உள்ளே கொட்டைப் பக்கம் புளிப்பு, வாசனையே இல்லை என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். சேலத்துக்காரருக்கு நான் சொல்லித்தரவா வேண்டும், காயாக வாங்கி வைக்கோலில் வையுங்கள்.

கேள்வி: பாக்கெட் பாலில் யூரியா, சோப்புத்தூள் எல்லாம் கலக்கிறார்கள் என்று வீடியோ பார்த்துவிட்டு, லிட்டருக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்து ‘பண்ணைப் பால்’ வாங்குகிறோம். அதில் லேபிள்கூடக் கிடையாது, கண்ணாடி பாட்டிலில் வருகிறது. இது பாதுகாப்பானதுதானே? (வாசகர், கோவை)

பதில்: கண்ணாடி பாட்டில் அழகாக இருக்கிறது என்பதைத் தவிர உங்களுக்கு அந்தப் பாலைப் பற்றி என்ன தெரியும்? நான் பாக்கெட் பாலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எண்களைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. உடம்புக்குக் கெடுதலான கலப்படம் இருந்தவை வெறும் 12. யாரும் வீடியோ போடாத ஒன்றுதான் அதிகமாகச் சிக்கியது: 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது.

இது யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ மாடு தின்றால், அந்த நஞ்சு உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. பாக்கெட் பாலிலும் இருந்தது, சொல்லப்போனால் அதில்தான் அதிகம். ஆனால் பண்ணைப் பாலுக்கு மாறினால் தப்பித்துவிடலாம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, ஏனென்றால் எல்லாம் மாட்டுக்குப் போடுகிற தீவனத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் பால்காரரிடம் ‘நாட்டு மாடா, ஜெர்சியா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, தீவனத்தை எங்கே அடுக்கி வைக்கிறீர்கள், மழைக்காலத்தில் மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறீர்களா என்று கேளுங்கள். பாலைச் சோதித்த ரிப்போர்ட் எப்போதாவது எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். நேர்மையானவர் என்றால் நேரில் வந்து பாருங்கள் என்பார். போய்ப் பாருங்கள்.

லேபிள் இல்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் கேளுங்கள். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு, இரண்டுமே சரிதான். ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். எண் இருப்பதால் பால் சுத்தம் என்று ஆகிவிடாது, ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்பதாவது தெரியும்.

கேள்வி: புது ரவை பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே வண்டு. தேதியும் முடியவில்லை. கடைக்காரர் ‘பிரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள முடியாது’ என்கிறார். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பிரிக்காமல் வண்டு எப்படித் தெரியும் என்று அவரையே கேளுங்கள். முதலில் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். நான் ஒரு தடவை பூஞ்சை பிடித்த பிரட்டைக் கோபத்தில் கவரோடு குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் புகார் எழுத உட்கார்ந்தால் கையில் பேட்ச் எண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக வையுங்கள். பேட்ச் எண், தேதி, விலை, வண்டு எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பில் இல்லாவிட்டால் யுபிஐயில் பணம் போட்ட பதிவு உதவும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரு ரவை பாக்கெட்டுக்கு இவ்வளவா என்றால், பெரும்பாலும் 1915 என்று வாய்விட்டுச் சொன்னாலே கடைக்காரர் வேறு பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.