இளவரசி யார் கையில்? – சரித்திரக் கதை எழுதுவோருக்கான கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: அரண்மனைச் சதிகளுக்குள் அகப்பட்ட பதினான்கு வயது இளவரசியைப் பற்றி நாவல் எழுதுகிறேன். நாடும் கற்பனை, அரசர்களும் கற்பனை. முப்பது பக்கத்தோடு கதை நின்றுவிட்டது. எல்லோரும் அவளைக் கொல்லத் திரிகிறார்கள். ஏன் கொல்ல வேண்டும் என்று எனக்கே விளங்கவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. வாரிசு இல்லாத அரியணைக்கு ஒரே உரிமைக்காரி அவள் என்றால், அவளைக் கொன்று யாருக்கும் இலாபமில்லை. அவளை மணப்பவன் அரசன். அவளைக் காவலில் வைத்திருப்பவன் அரசனை உருவாக்குபவன். ஆகவே அவளுடைய எதிரிகள் எல்லோருமே அவள் நலமாக உயிரோடிருக்க வேண்டும் என்று விரும்புவார்கள், ஆனால் தங்கள் வீட்டில். கதையை இப்படித் திருப்பிப் பாருங்கள், தானாக நகரும்.

இதற்குக் கற்பனை நாடு தேவையில்லை. கண்டி அரசன் கரலியத்த பண்டாரவின் மகள் குசுமாசன தேவி இருக்கிறாள். 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது, அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு குடும்பம் திருகோணமலைப் பக்கம் ஓடியது. அங்கே தாயும் தகப்பனும் பெரியம்மையில் இறந்தார்கள். குழந்தை போர்த்துக்கேயர் கைக்குப் போய், ஞானஸ்நானம் பெற்று, தோனா கத்தரீனா என்ற பெயரோடு மன்னாரில் வளர்ந்தது. 1594இல் படைத்தளபதி பெத்ரோ லோபெஸ் த சூசா அவளைக் கண்டிக்குக் கொண்டுபோய் அரசியாக்கினான். அந்த ஆண்டு ஒக்ரோபரிலேயே கண்டிக்கு அருகே தந்துரையில் அவனுடைய படை அழிந்தது. வென்ற கொனப்பு பண்டாரதான் முதலாம் விமலதர்மசூரியன். அவளை மணந்ததால் அவனுடைய முடிக்கு உரிமை உறுதியாயிற்று. 1604இல் அவன் இறந்ததும், துறவியாக இருந்து காவி களைந்த செனரத் ஆட்சிக்கு வந்தான். அவனும் அவளையே மணந்தான். 1613இல் அவள் இறந்தாள். இத்தனை கைமாற்றத்திலும் அவளை யாரும் கொல்ல முயலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் 1594ஐயே பாருங்கள். போர்த்துக்கேயருடைய பலம் அவர்களோடு வந்த உள்ளூர் லஸ்கரின் படை. அந்தப் படையின் தலைவன் ஜயவீர பண்டார. இளவரசியை மணக்கும் ஆசை அவனுக்கும் இருந்தது. அவன் எதிரியோடு கூட்டுச் சேர்ந்துவிட்டான் என்று காட்டும் பொய்க்கடிதம் ஒன்று போர்த்துக்கேயர் கையில் விழும்படி கொனப்பு பண்டார செய்தான். அவர்கள் நம்பி, தங்கள் தளபதியைத் தாங்களே கொன்றார்கள். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாகக் கலைந்தார்கள். இளவரசியை வெள்ளைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரில் ஏற்கெனவே பரவியிருந்தது. தங்கள் அரசியைக் கிட்டப்போய்ப் பார்க்கக்கூட விடவில்லை என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. ஒரு கடிதம், ஒரு வதந்தி, மூடிய கதவு ஒன்று. நாவலுக்கு இதற்கு மேல் சூழ்ச்சி வேண்டாம்.

எழுத உட்காருமுன் ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் வெளியே நடப்பது: படை புறப்பட்டது, தளபதி கொல்லப்பட்டான், லஸ்கரின்கள் போய்விட்டார்கள். வலப்பக்கம் அதில் எது, எத்தனை நாள் கழித்து, யார் வாயால் அவள் காதுக்கு வருகிறது என்பது. இரண்டு நிரலும் ஒன்றாகிவிட்டால் பதற்றம் செத்துவிடும். ஜயவீரன் செத்த செய்தி அவளுக்கு மூன்று நாள் பிந்தி, அதுவும் 'காய்ச்சலில் போய்விட்டார்' என்று வரட்டும். பிறகு அவளுடைய அறைக்குள் வரக்கூடியவர்களை எழுதுங்கள்: தாதி, சமையல்காரி, பாதிரியார், மொழிபெயர்ப்பாளன், காவலர் தலைவன். ஒவ்வொருவருக்கும் யார் படி அளக்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். மொழிபெயர்ப்பாளனை வீணாக்காதீர்கள். மன்னாரில் வளர்ந்த பெண் கண்டிப் பிரதானிகளோடு பேச அவன் வேண்டும் என்று வைத்தால், அவன் விழுங்கும் ஒரு வரியில் ஒரு தலை உருளும்.

அக்கரைப்பற்று வாசகர்: மூன்றாம் அத்தியாயத்தில் இளவரசிக்குப் பாலில் நஞ்சு வைக்கிறார்கள், அவள் தப்புகிறாள். படித்தவர்கள் நம்பவில்லை.

நம்பாதது சரிதான். ஒரு மிடறு குடித்ததும் சுருண்டு விழுவது மேடை நாடகத்துக்கு உரியது. தாவர நஞ்சுகளில் பல கசக்கும், பாலில் அந்தக் கசப்பு மறையாது. மேலும் அரச பிள்ளைக்குக் கொடுக்குமுன் வேறொருவர் சுவை பார்த்திருப்பார். நஞ்சை எடுத்துவிட்டு நோயைப் போடுங்கள். பெரியம்மை அந்தக் காலத்தின் உண்மையான கொலைகாரன், அதன் நாட்கணக்கு கதைக்கென்றே அமைந்தது. தொற்றிச் சுமார் 12 நாட்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் நடப்பார், உண்பார், பயணம் போவார். பிறகு கடுங்காய்ச்சல், முதுகுவலி. இரண்டு முதல் நான்கு நாட்களில் வாய்க்குள்ளும் முகத்திலும் கொப்புளம் போடத் தொடங்கும். மற்றவருக்கு அதிகம் தொற்றுவது அதன் பிறகுதான். அதாவது ஓடித் தப்பிய குடும்பம், தப்பிவிட்டோம் என்று மூச்சுவிடும் இடத்தில் விழுந்து படுக்கும்.

ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது திரும்ப வராது. எனவே தாயும் தகப்பனும் கிடக்கும் வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கி வரக்கூடியவள் முகமெல்லாம் அம்மைத் தழும்புள்ள ஒருத்திதான். நாங்கள் எழுதினால் அவளைக் கிழக்குக் கரைக்காரியாக்குவோம். வாசலில் வேப்பிலை கட்டத் தெரிந்தவள். அம்மாளின் பேரைச் சொல்லிக்கொண்டே குழந்தையைத் துணியில் பொதிபவள். அவள் பேச்சும் நம் பக்கத்துப் பேச்சாக இருக்கட்டும்: "மனே, இண்டைக்கு வெளியால போகாத." 'தேவி, தங்கள் சித்தம்' என்ற பாணியைத் தாதியின் வாயில் வைத்தால் அந்த வீட்டுக்குள் ஒருவரும் உயிரோடு இருக்கமாட்டார்கள்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவி: இளவரசி இரகசிய ஓலை அனுப்புகிறாள். ஓலையை எப்படி ஒளிப்பது? எழுத்தை அழித்துத் திருத்தலாமா?

அழிக்க முடியாது. எழுத்தாணி ஓலையில் மை வைப்பதில்லை, கீறுகிறது. கீறியதை மாற்ற வழியில்லை. சதிகாரன் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் முழு ஓலையையும் புதிதாக எழுத வேண்டும். அப்போது கையெழுத்து காட்டிக்கொடுக்கும்.

உங்களுக்குப் பயன்படும் பண்பு இன்னொன்று. பாடம்பண்ணிய (எழுதுவதற்குப் பதப்படுத்திய) ஓலையில் கீறியவுடன் எழுத்து கண்ணுக்கு எடுபடாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால்தான் கறுப்பு கீறலுக்குள் நின்று எழுத்து தெரியும். கரி தேய்க்காத ஓலையைக் காவலன் நேரே பிடித்துப் பார்த்தால் வெற்றோலை. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தாலோ, விரல் நுனியால் தடவினாலோ அகப்படும். அந்தக் கணத்தை விட்டுவிடாதீர்கள்: காவலன் ஓலையை வாங்கி விளக்கருகே கொண்டுபோகிறான், சரிப்பானா மாட்டானா? ஓலையைக் காகிதம்போல் மடிக்க முடியாது, நார்வாக்கில் பிளக்கும், சுருட்டலாம். நல்ல எழுத்தாணியின் மறுமுனையில் ஓலை நறுக்கும் சிறு கத்தி இருக்கும். எழுதப் படிக்கும் பெண்ணின் கையில் யாரும் சந்தேகப்படாத ஓர் இரும்பு இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

பொத்துவில் வாசகர்: ஆடகசவுந்தரி, விகாரமகாதேவி இருவரையும் சரித்திரப் பாத்திரங்களாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் குசுமாசன தேவிபோல் ஆண்டும் தேதியும் போட்டு எழுதாதீர்கள். ஆடகசவுந்தரி பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை என்றும், இங்கே எடுத்து வளர்க்கப்பட்டு ஆண்டாள், குளக்கோட்டனை மணந்தாள் என்றும் நம் பக்கத்து ஐதீகம். மகாவம்சம் சொல்லும் விகாரமகாதேவி கதையிலும் கடல்தான் வருகிறது. களனி அரசனின் தம்பி உத்திய, அண்ணன் மனைவிக்கு இரகசிய மடல் அனுப்புகிறான். பிக்கு வேடமிட்டவன் அதை அரண்மனைக்குள் கொண்டுபோகிறான். மடல் கீழே விழுந்த சத்தம் அரசன் காதில் விழுகிறது. எழுத்து மூத்த தேரருடைய எழுத்தைப்போல் இருந்ததால், குற்றமற்ற தேரரை அரசன் கொல்விக்கிறான். கடல் பொங்குகிறது. மகளைப் பாத்திரமொன்றில் வைத்து, அரசகுமாரி என்று எழுதிக் கடலில் விடுகிறார்கள். அவள் கரை சேர்ந்து காவன்திஸ்ஸனை மணக்கிறாள். அந்தத் திருமணம் நடந்த இடமென்று உங்கள் ஊருக்குப் பக்கத்து லகுகல மகுல் மகா விகாரையைக் காட்டுவார்கள்.

பிள்ளையைக் கடலில் விடுவது இரண்டு கதைக்கும் பொது. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எழுதுங்கள்: இருட்டு, உப்பு, தண்ணீர் தாகம், மூடியில் தட்டும் அலை. ஐதீகத்துக்கு நீங்கள் சேர்க்கக்கூடிய மெய் அதுதான். நூலின் முன்னுரையில் எது ஐதீகம், எது உங்கள் கற்பனை என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

கல்முனை வாசகி: என் கதை 1602இல் மட்டக்களப்பில் தொடங்குகிறது. தவறு வராமல் எதைப் பார்க்க வேண்டும்?

ஆண்டு நல்ல தெரிவு. 1602 மே மாதக் கடைசியில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இங்கேதான் வந்திறங்கி, பிந்தனை (இன்றைய மகியங்கனை) வழியாகக் கண்டிக்குப் போனார். அங்கே அரசி குசுமாசன தேவியையும் பிள்ளைகளையும் ஐரோப்பிய உடையில் கண்டார். ஒல்லாந்தர் கோட்டை கட்ட வந்தால் தானும் அரசியும் பிள்ளைகளும் தோளில் கல்லும் சுண்ணாம்பும் சுமப்போம் என்று அரசன் விமலதர்மசூரியன் சொன்னது அந்தச் சந்திப்பில்தான். மறு ஆண்டு வந்த செபால்ட் த வேர்ட், பிடித்த போர்த்துக்கேயரை அரசனைக் கேளாமல் விட்டுவிட்டான். பேச்சு முற்றி, கண்டியில் தனியாயிருந்த அரசியைப் பற்றி அவமதிப்பாக ஒரு சொல்லும் சொன்னான். மட்டக்களப்பிலேயே அவனும் கூட வந்தவர்களும் வெட்டப்பட்டார்கள். அரசி இல்லாத இடத்தில் அரசியால் நடந்த கொலை; உங்கள் கதைக்கு அது நடு அத்தியாயம்.

புளியந்தீவில் கோட்டை வைக்காதீர்கள், போர்த்துக்கேயர் அதைக் கட்டியது 1628இல். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். உங்கள் காலத்தில் சம்மாந்துறையும் மட்டக்களப்புத்தான். கப்பலை வாவிக்குள் ஓட்டாதீர்கள்: பெரிய கப்பல் கடலில் நங்கூரமிடும், ஆட்கள் தோணியில் வருவார்கள், வறண்ட மாதங்களில் முகத்துவாரம் மணலால் அடைபட்டும் கிடக்கும். மாரியில் கப்பல் வரவே வேண்டாம், வாடைக்காற்றில் இந்தக் கரையில் நிற்க முடியாது. ஜூன், ஜூலை என்றால் கச்சான் காற்றின் சூட்டைப் போடுங்கள். பல்லக்கு நாளுக்கு 20 கிலோமீற்றர் போனாலே அதிகம் என்று கணக்கெடுங்கள். சமையலில் மிளகு, தயிர், தேன், வற்றலிறைச்சி, குரக்கன் போதும். மரவள்ளி, தேயிலை இரண்டையும் அடுக்களையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உள்ளூர்ச் சிற்றரசன் வீட்டை எழுதும்போது மட்டும் கண்டி முறையை அப்படியே கொண்டுவராதீர்கள். இங்கே குடி தாய்வழி. இங்குள்ள முக்குவர் சமூகத்தின் வழமையில் முதுசொம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே பெண்ணின் விடயத்தில் தகப்பனை விட அம்மானின் (தாய்மாமனின்) சொல்லுக்குத்தான் எடை. சதியைத் தகப்பனுடைய அறையில் தொடங்காமல் அம்மான் வீட்டுத் திண்ணையில் தொடங்குங்கள்.