சிஸ்டர் பதில்கள்: கூட வந்தவர் வெளியே நிற்கட்டும்

(முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நூற்பாலை விடுதிகளிலிருந்து பெண்களை வேனில் அழைத்து வருவார்கள். போன வாரம் வந்த பெண்ணுக்கு விரலில் காயம். சீட்டில் வயது பத்தொன்பது, பார்த்தால் பதினாறு கூடத் தோன்றவில்லை. எதைக் கேட்டாலும் கூட வந்த வார்டன்தான் பதில் சொன்னார். தையல் போட்டு அனுப்பிவிட்டோம். அவள் பார்த்த பார்வை மனதை விட்டுப் போகவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: என் மகள் வயது உனக்கு. நீ என்றே கூப்பிடுகிறேன், பாப்பா.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் பக்கம் ஒரு தாலுகா மருத்துவமனையில் கேசுவால்டி டியூட்டி. செங்கல் சூளையிலிருந்து ஒடிசாக்காரப் பெண் ஒருத்தியை மேஸ்திரி கூட்டி வந்தான். எங்களுக்கு ஒடியா தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்யுது என்று கேட்டோம். அவள் இரண்டு நிமிடம் விடாமல் பேசினாள். மேஸ்திரி, "தலைவலியாம்" என்றான். பாராசிட்டமால் கொடுத்தோம். வண்டி போய்விட்டது. வராந்தாவில் நின்றிருந்த லேப் டெக்னீஷியன், ஒடிசாவில் ரூர்கேலாவில் வேலை பார்த்தவர், வந்து கேட்டார்: "என்ன சிஸ்டர், புருஷனை அடிச்சு ரூம்ல போட்டிருக்காங்கன்னு சொல்றா, அனுப்பிட்டீங்களே?"

இரண்டு நிமிடப் பேச்சு எப்படி ஒரு வார்த்தையாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு கூட வந்த ஆளை நான் மொழிபெயர்க்க விட்டதில்லை. வேறு யாருக்காவது போன் போட்டாவது பேச வைப்பேன்.

நோயாளியைத் தனியாகப் பார்ப்பதற்கு வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. யூரின் டெஸ்ட் எடுக்கக் கழிவறைக்கு அழைத்துப் போகலாம். எக்ஸ்ரே அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. டிரெஸ்ஸிங் ரூமில் திரை இருக்கிறது. "ரூல்ஸ் சார், வெளியே இருங்க" என்று எல்லோரிடமும் சொல்வதை வழக்கமாக்கிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவரிடம் மட்டும் சொன்னால்தான் வரும்.

தனியாகக் கிடைத்த மூன்று நிமிடத்தில் "உன்னைக் கடத்திக்கொண்டு வந்தார்களா?" என்று கேட்காதே. இல்லை என்றுதான் சொல்வாள். தான் கடத்தப்பட்டதாக அவளே நினைத்திருக்க மாட்டாள். வேலைக்கு வந்திருக்கிறோம், வாங்கிய அட்வான்ஸ் இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான் என்று நினைப்பாள். சம்பளம் உன் கைக்கு வருதா? ஆதார் அட்டை யாரிடம் இருக்கு? அம்மாகூடப் போனில் பேச விடறாங்களா? ஊருக்குப் போகணும்னா விடுவாங்களா? ராத்திரி கதவை வெளியே பூட்டறாங்களா? இவற்றைக் கேள். சட்டமும் இந்தப் பக்கம்தான் பார்க்கிறது. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 143ஆம் பிரிவின்படி, மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காகக் கொண்டுவருவது ஆள் கடத்தல். அவர் சம்மதித்துத்தான் வந்தார் என்று சொல்லித் தப்ப முடியாது. முன்பணத்துக்காகப் பிடித்து வைத்திருந்தால் 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது ஏ.ஆர். என்ட்ரி, அதாவது காயத்தோடு வருபவர்களைப் பற்றி எழுதும் விபத்துப் பதிவேடு. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே டாக்டரை எழுதச் சொல். "மிஷினில் பட்டது" என்று வார்டன் சொன்னால், வார்டன் சொன்னதாகவே எழுத வேண்டும். காயம் எங்கே, எவ்வளவு நீளம், பழசா புதுசா எல்லாம் வரட்டும். இரண்டு வருடம் கழித்து வழக்கில் நிற்கப்போவது அந்தத் தாள்தான். நாம் கிறுக்கலாக எழுதும் அதே தாள்.

ஆத்திரத்தில் வார்டனிடம் சண்டைக்குப் போகாதே. நீ ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவாய், அவள் அந்த வேனில்தான் ஏறணும். துண்டுச் சீட்டும் கொடுக்காதே, அவள் பையைச் சோதித்தால் வம்பு. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, இரண்டும் மனப்பாடம் ஆகிற நம்பர்கள், வாயால் சொல்லிக்கொடு. மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்கக் கட்டாயம் வரணும் என்று டாக்டர் கையாலேயே சீட்டில் எழுத வை. அப்போது கூட்டி வந்துதான் ஆகவேண்டும். அந்த மூன்று நாளில் அவளும் யோசிப்பாள், நீயும் யாரிடம் பேசுவது என்று தெரிந்துகொள்ளலாம்.

பதினெட்டு வயது நிறைந்தவள் என்றால் அவள் சரி என்ற பிறகே அடுத்த அடி. கொத்தடிமை விஷயத்தில் கோட்டாட்சியர் அல்லது கலெக்டர் அலுவலகம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098-ஐ நீயே அழைக்கலாம். அதில் பாலியல் கொடுமையும் இருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தகவல் தருவது கடமை. மருத்துவமனைப் பொறுப்பாளர்கள் மறைத்தாலும் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. 'நல்ல கஸ்டமர் மில்' என்று தயங்கும் நிர்வாகத்திடம் இந்த எண்ணைச் சொல். அறிவுரையைவிடப் பிரிவு எண்ணுக்கு மரியாதை அதிகம், என் அனுபவம்.

கேள்வி: வேலைக்கென்று வெளி மாநிலத்துக்கு அழைத்துப் போகப்பட்ட என் அக்கா மகளை மீட்டிருக்கிறார்கள். பாலியல் கொடுமையும் நடந்திருக்கிறது. வயது பதினாறு. ஒரு மருத்துவமனையில், போலீஸ் பேப்பர் வந்தால்தான் பார்ப்போம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். இது சரியா? (ஒரு சித்தி, கடலூர் மாவட்டம்)

பதில்: சரியில்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், போலீஸுக்கும் அவர்களே தகவல் சொல்ல வேண்டும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வைக்கக்கூடாது.

பரிசோதனை செய்பவர் பெண் டாக்டராக இருக்க வேண்டும். அம்மாவோ நீங்களோ, அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவளிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தொட வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022-இல், செய்கிற டாக்டர் நடத்தை விதி மீறியவர் என்றே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு வயிற்று வலி, தலைவலி, தூக்கமின்மை என்று மாற்றி மாற்றி வரும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. நடிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் யாராவது சொல்வார்கள், சொல்லவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தும் பேசலாம். என்ன நடந்தது என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டாம். ராத்திரி விளக்கை அணைக்கலாமா, கதவைச் சாத்தலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டுச் செய்யுங்கள்.