துணி காய வைக்கற கேஸ் ட்ரையர்ல முதல் பத்து நிமிஷம் சூடு, அப்புறம் வெறும் ஜில் காத்துதான் வருது. என்ன பண்ணலாம்? கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஓட்டலாமா?

ட்ரம் நல்லா சுத்துது, ஆரம்பத்துல சூடு வருது, அப்புறம் ஜில்லுனு ஆயிடுது, ரெண்டு ரவுண்ட் போட்டும் ஜீன்ஸோட இடுப்புப் பக்கம் ஈரமாவே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இதுல உங்க நண்பர் வேற, பிளக் சரியில்ல, 240 வோல்ட் லைன் இழுக்கணும்னு சொன்னாராம். நியூ ஜெர்சி எடிசன்ல எங்க வீட்லயும் 2014 ஜனவரில அச்சு அசல் இதேதான் நடந்துச்சு, அதனால எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த 240 வோல்ட். வேணவே வேணாங்க. அது எலக்ட்ரிக் ட்ரையருக்கு. அதுல சூடு பண்றதே கரண்ட்தான், 5000 வாட்டுக்கு மேல இழுக்கும், அதனாலதான் 240 வோல்ட் 30 ஆம்ப்ல தனி லைனும் அந்தப் பெரிய பிளக்கும். கேஸ் ட்ரையர்ல சூடு முழுக்க கேஸ் அடுப்புலேர்ந்து வருது, மணிக்கு 20,000 இல்ல 22,000 பிடியு (BTU, சூட்டை அளக்கற அலகு), அதை வாட்ல சொன்னா கிட்டத்தட்ட 6000 வாட். கரண்ட் எதுக்குன்னா மோட்டார் சுத்த, போர்டு வேலை செய்ய, கேஸைப் பத்த வைக்க, அவ்ளோதான். உங்க ட்ரையர் கதவைத் தொறந்து ஓரத்துல ஒட்டியிருக்கற லேபிளைப் பாருங்க, 120 வோல்ட், 6 ஆம்ப் வாக்குல போட்டிருக்கும். சாதாரண மூணு பின் பிளக் போதும். ஆனா மூணாவது பின், அதான் எர்த், கண்டிப்பா இருக்கணும், ரெண்டு பின் அடாப்டர் போட்டு சொருகாதீங்க. ட்ரம் சுத்துதுன்னாலே உங்களுக்குக் கரண்ட் பிரச்சனை இல்லன்னு அர்த்தம். பிரச்சனை பத்த வைக்கற இடத்துல இருக்கு, இல்ல காத்து வெளிய போற வழியில இருக்கு. பல வீட்ல ரெண்டுலயும்.

எங்க வீட்ல என்ன ஆச்சுன்னா, அது போலார் வோர்டெக்ஸ்னு துருவத்துக் கடுங்குளிர் இறங்கி வந்த குளிர்காலம், வெளிய கொடி கட்டறதெல்லாம் நெனச்சே பாக்க முடியாது, பையனுக்கு ஒன்றரை வயசு, அம்மா கும்பகோணத்துலேர்ந்து வந்திருந்தாங்க. சர்வீஸுக்குக் கூப்பிட்டோம், வந்தவர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு இக்னைட்டர் (கேஸைப் பத்த வைக்கற பார்ட்) போயிடுச்சுன்னு மாத்திட்டு 180 டாலர் வாங்கிட்டுப் போனார். மூணாவது நாள் மறுபடியும் பழைய கதை. அன்னிக்கு ராத்திரி பேஸ்மென்ட்ல நானே உக்காந்து கீழ இருக்கற பேனலைக் கழட்டி, லைட்டை அணைச்சுட்டு, தரையில படுத்துக்கிட்டு பர்னரை, அதான் தீ எரியற இடத்தை, பாத்தேன். நீங்களும் வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி இதைத்தான் பண்ணணும். பார்ட் எதையும் இப்பவே ஆர்டர் போடாதீங்க, முதல்ல ஒரு அரை மணி நேரம் அந்த இடத்தைக் கண்ணால பாருங்க. நிறைய மாடல்ல பர்னர் குழாய் பக்கத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா தெரியும். பேனலைக் கழட்டும்போதும் மாட்டும்போதும் பிளக்கைப் பிடுங்கிடுங்க, ஓடும்போது உள்ள கை விடாதீங்க, பெல்ட் சுத்திக்கிட்டு இருக்கும்.

நல்லா இருக்கற ட்ரையர்ல எப்படி நடக்கும்னா, ஸ்டார்ட் பண்ணின உடனே இக்னைட்டர், அது சிலிக்கான் கார்பைடு துண்டு, மெல்ல செவந்து அப்புறம் பளீர்னு ஆரஞ்சு வெளிச்சமா ஆகும், அரை நிமிஷத்துலேர்ந்து ஒரு நிமிஷம். பக்கத்துல ஒரு சென்சார் அந்த சூட்டை உணரும், உணர்ந்ததும் 'டிக்'னு ஒரு சத்தம், கேஸ் வால்வு தொறக்கும், 'புஸ்'ஸுன்னு நீலமா தீ பிடிக்கும், இக்னைட்டர் அணைஞ்சுடும். கொஞ்ச நேரம் எரியும், உள்ள போதுமான சூடு வந்ததும் தெர்மோஸ்டாட், அதான் சூட்டைக் கட்டுப்படுத்தற சுவிட்ச், நிறுத்தும், தீ அணையும், சூடு குறைஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து. அதனால தீ நடுவுல அணையறதைப் பாத்து பயப்படாதீங்க, அது நார்மல். பாக்க வேண்டியது அடுத்த தடவை மறுபடி பத்துதா இல்லையாங்கறதைத்தான்.

எங்களுது முதல் தடவை ஜோரா பத்துச்சு. ரெண்டாவது தடவையும் பத்துச்சு. மூணாவது தடவை இக்னைட்டர் பளீர்னு வந்துச்சு, 'டிக்', அணைஞ்சுது, தீ மட்டும் வரல. இருட்டுல அந்த ஆரஞ்சு மெல்ல மங்கி கறுப்பாகறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி பளீர், மறுபடி 'டிக்', மறுபடி ஒன்னும் இல்ல. இதைப் பாத்தீங்கன்னா இக்னைட்டர் நல்லா இருக்கு, சென்சார் நல்லா இருக்கு, கெட்டது கேஸ் வால்வு மேல உக்காந்து அதைத் தொறக்கற காயில். உள்ள மெல்லிசு செப்புக் கம்பி சுத்தியிருக்கும், வருஷக்கணக்கா சூட்டுல இருந்து எங்கயோ ஒரு இடத்துல விட்டுப்போயிருக்கும், குளிர்ந்திருக்கறப்ப ஒட்டிக்கும், சூடானா விலகிடும். முதல் பத்து நிமிஷம் மட்டும் உங்களுக்கு சூடு வர்றதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம், நீங்க சொல்ற அறிகுறி அப்படியே பொருந்துது. இதுல ஒன்னு கவனிங்க, காயிலை ஆற வெச்சுட்டு மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் காட்டும். அதை நம்பி ஏமாந்தவங்க நிறைய பேர்.

காயில் செட்டா கிடைக்கும், மூணு பின் உள்ளது ஒன்னு, ரெண்டு பின் உள்ளது ஒன்னு, நான் வாங்கினப்ப ரெண்டும் சேர்த்து 30 டாலருக்குள்ளதான். ஒன்னு போச்சுன்னாலும் ரெண்டையும் மாத்திடுங்க. பிளக்கைப் பிடுங்கி, ட்ரையருக்கு வர்ற கேஸ் லைன்ல இருக்கற வால்வை மூடி, வொயரைக் கழட்டி, மேல இருக்கற பட்டையில ரெண்டு ஸ்க்ரூவை எடுத்தா காயில் கையோட வந்துடும். கேஸ் போற பாதையை இதுல தொறக்கவே மாட்டோம், அதனாலதான் தைரியமா சொல்றேன். காயிலுக்குக் கீழ இருக்கற வால்வையே பிரிக்கற வேலைன்னா தொடாதீங்க, லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க. அப்புறம் இக்னைட்டரை வெறும் விரலால தொட்டுடாதீங்க, விரல்ல இருக்கற எண்ணெய் பட்டா அந்த இடத்துல சீக்கிரம் வெடிப்பு விடும், லேசா தட்டினாலே உடையற சாமான் அது.

நீங்க பாக்கறது வேற மாதிரி இருந்தா பதிலும் வேற. இக்னைட்டர் செவந்து அப்படியே எரிஞ்சுக்கிட்டே இருக்கு, 'டிக்' வரவே இல்லன்னா சென்சார் போயிடுச்சு. இக்னைட்டர் செவக்கவே இல்லன்னா அது உடைஞ்சிருக்கலாம், இல்ல தெர்மல் ஃபியூஸோ (சூடு அளவு மீறினா கரண்டை வெட்டற ஃபியூஸ்) ஏதாவது தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம், இதுங்களை மீட்டர்ல பாக்கலாம். சில மாடல்ல தெர்மல் ஃபியூஸ் போனா ட்ரம்மே சுத்தாது, சிலதுல சுத்தும், சூடு மட்டும் வராது. தீ நல்லா பத்திட்டு சட்டுனு அணைஞ்சு அணைஞ்சு வருதுன்னா காத்து அடைச்சிருக்கு.

காத்து விஷயத்தை எங்க வீட்ல கண்டுபிடிச்சது அம்மாதான். காயில் மாத்தின அன்னிக்கு நான் சந்தோஷமா மேல வந்து சொல்றேன், அவங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வெளிய போயி ட்ரையர் காத்து வெளிய வர்ற இடத்துல சுவத்துல இருக்கற மூடி முன்னாடி கையை வெச்சுப் பாத்துட்டு, "என்னடா, காத்து மூச்சு விடற மாதிரிதான் வருது, மூடி பாதிகூட தொறக்கலையே"ன்னாங்க. அவங்களுக்கு கேஸ் ட்ரையர் தெரியாது, ஆனா ரைஸ் மில்லுல தவிட்டுக் குழாய் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு தெரியும். மெஷினை இழுத்துப் பின்னாடி காத்து போற குழாயைக் கழட்டினா, முதல் வளைவுல பஞ்சு கம்பளி மாதிரி இறுகிப்போயிருந்துச்சு, சாம்பல் கலர், நடுநடுவுல பையனோட செவப்பு சாக்ஸ் நூல். கையால பிச்சுப் பிச்சுத்தான் எடுத்தோம், ஒரு பெரிய குப்பைப் பையில பாதி ரொம்பிடுச்சு. காத்து அடைச்சு உள்ள சூடு ஏறிக்கிட்டே இருந்தா காயில், ஃபியூஸ் எல்லாத்துக்கும் ஆயுசு குறையும், அதனால பார்ட் மட்டும் மாத்திட்டுக் குழாயை விட்டீங்கன்னா மறுபடி அதே இடத்துக்குத்தான் வருவீங்க.

வெறும் செலவு விஷயம் இல்லங்க இது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008லேர்ந்து 2010 வரைக்கும் பாத்த கணக்குல, வீடுகள்ல வருஷத்துக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்து, அதுல முதல் காரணமே சுத்தம் பண்ணாம விட்டது. குழாய் 4 இஞ்ச், உள்பக்கம் வழவழன்னு இருக்கற இரும்பு இல்ல அலுமினியமா இருக்கணும், வெள்ளை பிளாஸ்டிக் ஹோஸ் இருந்தா இன்னிக்கே தூக்கிப் போடுங்க. வீடு கட்டற விதிகள்ல (பில்டிங் கோட்) பொதுவா 35 அடி வரைக்கும் நீளம் விடறாங்க, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழிச்சுக்கணும். ஜாயின்ட்ல ஸ்க்ரூ முனை உள்ள நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, வெளி மூடில வலை போடக் கூடாது, ரெண்டுலயும் பஞ்சு மாட்டிக்கும்.

எலக்ட்ரிக் ட்ரையர் வெச்சிருக்கறவங்க சிலர், குழாயைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க, சூடு வந்தா அடைப்புன்னு அர்த்தம்னு சொல்வாங்க. கேஸ் ட்ரையர்ல அதைப் பண்ணாதீங்க. உள்ள எரியற தீயோட புகையும் அதே குழாய் வழியாத்தான் வெளிய போகுது, கழட்டிட்டு ஓட்டினா கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ள வரும், அதுக்கு வாசனையும் கிடையாது. சூடான காத்தை வீட்டுக்குள்ளயே விட ஒரு தண்ணி டப்பா விக்கறாங்க பாருங்க, அதுவும் கேஸுக்கு ஆகாது. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் படுக்கை அறை பக்கத்துல ஒன்னு மாட்டிடுங்க.

மெஷினை இழுக்கும்போது கேஸ் லைன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். வால்வு கைப்பிடி குழாய்க்குக் குறுக்கா இருந்தா மூடியிருக்கு, குழாயோட நேரா இருந்தா தொறந்திருக்கு. திரும்ப வெச்சதும் பாத்திரம் தேய்க்கற சோப்பைத் தண்ணில கரைச்சு ஜாயின்ட்ல தடவி முட்டை முட்டையா வருதான்னு பாருங்க. கேஸ் வாடை வந்தா லைட் சுவிட்சைக்கூடத் தொடாம எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போயி அங்கேர்ந்து போன் பண்ணுங்க. நீங்க புதுசா குடி வந்த வீடு, கிராமத்துப் பக்கம் புரொபேன் டேங்க் உள்ள வீடுன்னா இன்னொன்னு, ட்ரையர் சாதாரணமா நேச்சுரல் கேஸுக்கு செட் பண்ணித்தான் வரும், கேஸ் வகைக்கு ஏத்த மாதிரி மாத்தற கன்வர்ஷன் கிட் போடாம புரொபேன்ல மாட்டக் கூடாது.

இப்ப ஜெனரேட்டர். ஓடும், நாங்க ஓட்டியிருக்கோம். 2012 அக்டோபர் 29 சாண்டி புயல் வந்தப்ப எங்க தெருவுல ஒன்பது நாள் கரண்ட் இல்ல, ஆனா கேஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு, பையன் அப்ப மூணு மாசக் குழந்தை. 2000 வாட் இன்வர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்னு வெச்சிருந்தோம், மோட்டார் கிளம்பற நேரத்துல மட்டும் ஒரு தம் கட்டும், அதுக்கப்புறம் அமைதியா ஓடும். ஃப்ரிட்ஜைக் கழட்டிட்டு ட்ரையரை ஸ்டார்ட் பண்ணுவோம், ஜெனரேட்டர்ல எக்கோ மோடை (லோடு குறைவா இருந்தா இன்ஜின் வேகத்தைக் குறைக்கற செட்டிங்) அணைச்சுடணும், இல்லன்னா கிளம்பும்போது தடுமாறும். நவம்பர் 3லேர்ந்து எங்க மிடில்செக்ஸ் கவுண்ட்டி உட்பட 12 கவுண்ட்டில பெட்ரோலுக்கே நம்பர் பிளேட் ஒத்தை இரட்டை பாத்துத்தான் போட்டாங்க, அதனால குழந்தை துணி மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம். எலக்ட்ரிக் ட்ரையரா இருந்திருந்தா அந்தக் குட்டி ஜெனரேட்டர்ல நெனச்சே பாத்திருக்க முடியாது.

ஜெனரேட்டரை வீட்டுலேர்ந்து 20 அடியாவது தள்ளி வைங்க, கராஜ்ல கதவைத் தொறந்து வெச்சாலும் வேணாம். தடியான 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் வொயர்ல நேரா ட்ரையருக்குக் கொடுங்க, ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வெச்ச வொயரால சுவத்து பிளக் வழியா வீட்டுக்கே கரண்ட் அனுப்பற வேலை ஒருநாளும் வேணாம், அது தெருக் கம்பிக்குப் போயி லைன்மேன் உயிரை எடுத்துடும். பேட்டரி இன்வர்ட்டர்னா ப்யூர் சைன் வேவ்னு (லைன் கரண்ட் மாதிரியே சீரான கரண்ட் தர்றது) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, மத்ததுல எலக்ட்ரானிக் போர்டு படுத்தும்.

இன்னிக்கு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு மூணு நாலு தடவை அது பத்தறதைப் பாத்துட்டு, 'டிக்'குக்கு அப்புறம் என்ன ஆச்சு, வெளி மூடி எவ்ளோ தொறக்குது, கதவு ஓரத்துல இருக்கற மாடல் நம்பர் என்ன, இந்த மூணையும் கீழ எழுதுங்க, எந்த காயில் செட் வாங்கணும்னு பாத்துச் சொல்றேன்.