கணுக்கால் சுளுக்கிய பிறகு வீட்டிலேயே என்னென்ன எளிய பயிற்சிகள் செய்யலாம்?

நான் மருத்துவன் இல்லை. ஒரே கணுக்காலை இரண்டு முறை சுளுக்கிக்கொண்டவன், அவ்வளவுதான்.

முதல் முறை மாடிப்படியில். தரை வந்துவிட்டது என்று காலை வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிக்கணுவுக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. பெரும்பாலும் சுளுக்கு இப்படித்தான் வரும். அந்த இடத்தில் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார் இழுபட்டுவிடும், சில சமயம் கிழிந்தும் போகும். நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் பயிற்சியை மறந்துவிட்டு முதலில் எக்ஸ்ரே எடுங்கள். வீக்கம் இருக்கும்போது யாரையும் எண்ணெய் போட்டு அழுத்திச் சுளுக்கு எடுக்க விடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

எலும்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், மூன்றாம் நாள் ஆரம்பித்தேன். பெருவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுதுவது. பொதுவாக ஆங்கில எழுத்துகளை எழுதச் சொல்வார்கள். நான் அ முதல் ஃ வரை எழுதினேன். நம் எழுத்தில் சுழி அதிகம், கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும். முழங்கால் ஆடக்கூடாது. அப்புறம், காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டி நம் பக்கம் 30 நொடி இழுத்துப் பிடிப்பது. கெண்டைக்காலில் இழுவை தெரிய வேண்டும், சுருக்கென்று வலிக்கக்கூடாது. ஊன்றி நிற்க முடிந்ததும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது, 10 தடவை.

மூன்று வாரத்தில் வலி போனது, பயிற்சியும் போனது. இரண்டே மாதத்தில் சமதரையில் நடக்கும்போது அதே கால் மறுபடி பிசகியது.

இந்த முறை பிசியோதெரபிஸ்ட் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எதற்கெடுத்தாலும் ஒற்றைக் காலில் நிற்பவன் என்று வீட்டில் பெயர் வாங்கியவன் நான்; ஐந்து நொடி தாங்கவில்லை. பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நாரிலும் இருக்கின்றனவாம். அவையும் அடிபடுவதால், வலி போன பிறகும் கால் தடுமாறுகிறது. நின்று நின்றுதான் பழக்க வேண்டும்.

முதலில் கண்ணைத் திறந்துகொண்டு 30 நொடி. அது சுலபமானதும் கண்ணை மூடி, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி. பிறகு தலையணை மேல். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால், முந்தைய கட்டத்துக்குத் திரும்பிவிடுவேன்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை. காலையில் பால் காயும் வரை அடுப்படியில் நிற்கிறேன். கண்ணை மூடி நின்ற முதல் வாரத்தில் இரண்டு நாள் பால் பொங்கி வழிந்தது.