அட்டை உடையில் ஆட முடியுமா?

கேள்வி: ஓவியர் பிக்காசோ உடை வடிவமைத்த 'பரேட்' பாலேயை (மேலைநாட்டு நடன நாடகம்) போல, ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அட்டையில் உடை செய்ய ஆசை. போட்டுக்கொண்டு ஆட முடியுமா?
— ஆசிரியை, பாலக்கோடு

எல்லாருக்கும் வேண்டாம், இரண்டு பேருக்குப் போதும். 1917 மே 18 அன்று பாரிசின் ஷாத்லே அரங்கில் 'பரேட்' அரங்கேறியபோதும் உடம்பை மூடும் பெரிய கூடு போன்ற உடைக்குள் இருந்தவர்கள், காட்சிக்கு ஆள் கூப்பிடும் இரண்டு மேலாளர் பாத்திரங்கள்தான். கூட்டின் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். அதற்குள் துள்ள வழியில்லை என்பதால் நடனம் அமைத்த மாசீன் அவர்களைத் தரையை ஓங்கி மிதிக்க வைத்தார். அதே பாலேயில் வரும் கழைக்கூத்தாடிகளுக்கோ உடம்பை ஒட்டிய நீல, வெள்ளை உடை. விறைப்பும் நெளிவும் ஒரே மேடையில் மோதுவதுதான் அதன் அழகு. எல்லாரையும் பெட்டிக்குள் அடைத்தால் அது போய்விடும்.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி வாங்குங்கள். உள்ளே இருக்கும் நெளிவுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டுங்கள். படுக்கையாக ஓடினால் இடுப்பருகே மடங்கிவிடும். பழைய ஸ்கூல் பை வார்களை உட்புறம் துளையிட்டுக் கட்டி, பாரத்தைத் தோளில் இறக்குங்கள். தலையில் ஏற்றினால் பிள்ளைகளின் கழுத்து தாங்காது. நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்கள் விடிய விடிய ஆடுவதற்காகத்தான் அணிகலன் கட்டைகளைக் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்குகிறார்கள். இந்த வேலையில் அவர்களைவிட நல்ல ஆசான் கிடையாது. ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

கீழ் விளிம்பு முழங்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். கண்ணுக்கு நேரே அகலமாகத் திறந்து, உள்ளே கறுப்புக் கொசுவலை ஒட்டினால் முகம் தெரியாது, பிள்ளைக்கு வழி தெரியும். போஸ்டர் கலரை ஒரு பக்கம் மட்டும் பூசினால், ஈரம் காயும்போது அட்டை வளையும். ஒரு பங்கு ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து முதலில் இருபுறமும் பூசி, ஓர் இரவு காயவிடுங்கள். ஒத்திகையைக் கூட்டோடுதான் நடத்த வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தன் கால் தெரியாது. மேடைப் படியில் கைபிடிக்க ஆள் நிறுத்துங்கள்.

கேள்வி: உடம்பை ஒட்டும் உடையில் வரைந்த ஓவியம், போட்டதும் விரிசல் விடுகிறதே?
— வாசகர், ஓசூர்

துணியைத் தளர்வாக விரித்து வரைந்திருப்பீர்கள். 1912இல் பாலே கலைஞர் நிஜின்ஸ்கி ஃபானாக (பாதி ஆடு, பாதி மனிதனான புராண உருவம்) ஆடியபோது, ஓவியர் பாக்ஸ்ட் வடிவமைத்த ஒட்டுடையில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. அதுபோல் தனித்தனித் திட்டுகளாக இருந்தால் துணி இழுபட இடம் இருக்கும். உடைக்குள் அட்டையைச் செருகி, உடம்பளவுக்கு இழுத்துவைத்து, ஃபேப்ரிக் பெயிண்டை மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு நாள் காய்ந்ததும், மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் மறுபுறம் இஸ்திரி போடுங்கள். முட்டி, முழங்கை மடிப்பில் பெயிண்டே வேண்டாம்.