தடம் யார் கையில்?

கேள்வி: அரசு நடத்தும் நகரப் பேருந்துகளும் மெட்ரோ ரயில்களும் நட்டத்தில் ஓடுகின்றன, தனியாரிடம் ஒப்படைத்தால் சேவை மேம்படும் என்கிறார்களே, சரியா?

பதில்: நட்டக் கணக்கை மட்டும் வைத்து இதைத் தீர்மானிப்பது பயணிகளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஓட்டுநருக்குச் சம்பளம் தருவது யார் என்பதைவிட, தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் முடிவு செய்வது யார் என்பதே அவர்களுக்கு முக்கியம்.

பிரிட்டனில் 1986 அக்டோபரில், லண்டனைத் தவிர்த்த நகரங்களில், எந்த நிறுவனமும் தான் விரும்பிய தடத்தில், தானே வைத்த கட்டணத்தில் பேருந்து ஓட்டலாம் என்று ஆயிற்று. கூட்டம் மிகுந்த சாலைகளில் வண்டிகள் போட்டியிட்டன. வருவாய் குறைந்த தடங்களையும் இரவு நடைகளையும் உள்ளாட்சி மன்றங்கள் மானியம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெருநகரங்களில் பயணிகள் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்தது. லண்டனிலும் பேருந்துகளை ஓட்டுபவை தனியார் நிறுவனங்களே என்றாலும், தடத்தையும் கட்டணத்தையும் பொது அமைப்பு வகுத்து, ஒப்பந்தப்புள்ளி கோரி ஒவ்வொரு தடத்தையும் வழங்கியதால் அங்கே பயணிகள் பெருகினர். மான்செஸ்டர் வட்டாரம் 2023 முதல் 2025 தொடக்கம் வரை படிப்படியாக இந்த முறைக்கே மாறியது.

ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது. லண்டன் சுரங்க ரயில் பாதைகளைப் புதுப்பிக்க 2003இல் முப்பது ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்ற மெட்ரோநெட் என்ற தனியார் நிறுவனம், 2007இல் நொடித்துப்போனது. அதன் கடனில் 95 சதவீதத்துக்குப் பொது அமைப்பு உத்தரவாதம் அளித்திருந்ததால் சுமை மக்கள் தலையில் விழுந்தது.

அரசு நடத்தினாலும் பணத்துக்கு வழி வேண்டும். நியூயார்க்கில் 1904இல் வைத்த ஐந்து சென்ட் கட்டணம், தனியார் ரயில் நிறுவனங்களை நலிவடையச் செய்ததோடு, நகராட்சி 1940இல் அவற்றை வாங்கிய பின்னும் 1948 வரை மாறவில்லை. கட்டணத்தைக் குறைவாக வைப்பது நியாயமே. ஆனால் இடைவெளியை நிரப்பும் மானியத்தை வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்காவிட்டால், பராமரிப்பில்தான் கை வைப்பார்கள்.

ஆகவே உங்கள் நகரில் இப்பேச்சு எழுந்தால், ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிடச் சொல்லுங்கள். வருவாய் குறைந்தால் இழப்பு யாருக்கு, கடைசி வண்டியின் நேரத்தை மாற்றும் உரிமை யாருக்கு என்று கேளுங்கள். பணிமனைகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் மறக்காமல் பாருங்கள். அவை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், அடுத்த முறை வேறு யாரும் போட்டியிட முன்வருவது கடினம். மான்செஸ்டரில் பொது அமைப்பு பணிமனைகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.